பழம் பறிக்கும் மூன்று மாதமும் பதிவுகள் தானாக வெளிவருமா?

ஏற்காட்டில் சின்னதாகக் காபியும் மிளகும் வைத்துக்கொண்டு, வீட்டின் இரண்டு அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விட்டிருக்கும் ஒரு தங்கை தன் வலைப்பதிவைப் பற்றிக் கேட்ட கேள்வி இது. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்:

“அண்ணா, நவம்பரில் இருந்து ஜனவரி முடிய எங்களுக்குப் பழம் பறிப்பு. அந்த நாட்களில் எழுத உட்காரவே முடியாது. மழை வந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். அக்டோபரிலேயே பன்னிரண்டு பதிவு எழுதி வைத்துவிட்டால், வாரம் ஒன்றாகத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தானாக வெளிவருமா? முன்பு ப்ளாகரில் இருந்தபோது ஒரு ஜனவரியில் காலை ஆறு என்று வைத்தேன், சாயங்காலம் ஏழரைக்கு வந்தது. இப்போது வேர்ட்பிரஸ்ஸில் வைத்தால் ஒரு நாள் ஆறுக்கு வருகிறது, ஒரு நாள் எட்டரைக்கு வருகிறது, ஒரு தடவை வரவே இல்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தே வைத்திருக்க வேண்டுமா?”

சரிம்மா, தாராளமாக வரும். கம்ப்யூட்டரை ஆன் செய்து வைக்க வேண்டியதில்லை. நீங்கள் நேரம் குறித்து ‘ஷெட்யூல்’ பட்டனை அழுத்தியதுமே பதிவு சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு மலையில் கரண்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அதற்குக் கவலை இல்லை. ஆனால் அந்த சர்வருக்கு இந்திய நேரம் தெரிந்திருக்க வேண்டும்; குறித்த நேரம் வந்ததும் அதைத் தட்டி எழுப்ப ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ப்ளாகரில் உங்களுக்கு முதலாவது தப்பியிருக்கிறது, வேர்ட்பிரஸ்ஸில் இரண்டாவது. இரண்டையும் சரி செய்துவிடலாம். எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது வேறொன்று: மூன்று மாதம் முன்னால் எழுதி வைக்கத் தக்கது எது, தகாதது எது என்பது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த ஏழரை மணி. உங்கள் ப்ளாகர் தளம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் காலை ஆறு மணி என்றால் நமக்கு இரவு 7.30. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதே பதிவை மே மாதத்தில் வைத்திருந்தால் 6.30-க்கே வந்திருக்கும். ஏனென்றால் அவர்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பழையபடி பின்னே இழுப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நாடு முழுக்க ஒரே நேரம், உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால், வருடம் பூராவும் மாறாது. ஆகவே தளத்தின் செட்டிங்ஸில் ‘டைம் ஸோன்’ என்ற இடத்தில் இந்திய நேரத்தை, அதாவது கொல்கத்தா என்று இருப்பதை, ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். சென்னை, சேலம் என்று தேடிப் பார்த்து இல்லையே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கொல்கத்தாதான் இந்தியா முழுமைக்கும்.

வேர்ட்பிரஸ்ஸில் இது ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘ஜெனரல்’ பக்கத்தில் இருக்கிறது. புதிதாக நிறுவிய பல தளங்களில் பொது நேரமே இருக்கும். அப்படி இருந்தால் காலை ஆறு என்று குறித்தது பகல் 11.30-க்கு வரும். உங்களுடையது சில நாள் ஆறுக்கே வருகிறது என்பதால் அங்கே கோளாறு இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் பார்த்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரம் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒன்று திரையில் காட்டுவதற்கான உள்ளூர் நேரம், மற்றது பொது நேரம். பதிவை வெளியிடும்போது அது பார்ப்பது பொது நேரத்தை. பத்துப் பதிவை வரிசையில் வைத்துவிட்டு அதன்பிறகு டைம் ஸோனை மாற்றினால், பட்டியலில் ஆறு மணி என்றே தெரியும், வருவதோ பழைய கணக்கில் வரும். அதனால் டைம் ஸோனை முதலில் சரி செய்யுங்கள், பதிவுகளை அப்புறம் வரிசையில் வையுங்கள். ஏற்கெனவே வைத்தவை இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து, நேரத்தை மாற்றி, திரும்பச் சரியான நேரத்தை வைத்துச் சேமித்துவிடுங்கள்.

நேரம் குறிக்கும் வேலை சுலபம். வேர்ட்பிரஸ்ஸில் பதிவு எழுதும் பக்கத்தின் வலப்புறம் ‘பப்ளிஷ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘இமீடியட்லி’ என்று இருக்கும். அதைத் தொட்டால் நாட்காட்டி விரியும். எதிர்கால நாள் ஒன்றைத் தொட்டதும் மேலே நீலப் பட்டனில் இருந்த ‘பப்ளிஷ்’ என்ற எழுத்து ‘ஷெட்யூல்’ என்று மாறும். அதை அழுத்தினால் ‘நிச்சயமா?’ என்கிற மாதிரி இன்னொரு பலகை வரும். அங்கேயும் அழுத்த வேண்டும். முதல் அழுத்தலோடு மூடிவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். பதிவு ட்ராஃப்டிலேயே, அதாவது வெளிவராத வரைவாகவே, கிடக்கும். ப்ளாகரிலும் அப்படித்தான். வலப்புறம் ‘பப்ளிஷ்டு ஆன்’ என்ற இடத்தில் நாளும் நேரமும் குறிப்பது பாதி வேலை. பிறகு ‘பப்ளிஷ்’ அழுத்தினால்தான் வரிசையில் சேரும். ‘இப்போதே வெளியே போய்விடுமோ’ என்ற பயத்தில் அழுத்தாமல் விடுவார்கள். பயப்பட வேண்டாம், குறித்த நாளுக்குத்தான் போகும். எந்தத் தளமானாலும் கடைசியில் பதிவுகளின் பட்டியலுக்குப் போய், அந்தப் பதிவுக்கு எதிரே ‘ஷெட்யூல்டு’ என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஏஎம், பிஎம் இரண்டையும் பாருங்கள். நள்ளிரவு பன்னிரண்டு என்று மட்டும் வைக்காதீர்கள். அது எந்த நாளின் பன்னிரண்டு என்பதில் குழப்பம் வரும். 12.05 என்று வைத்தால் நாள் தெளிவாகத் தெரியும்.

இனி அந்த எட்டரை மணி. உங்கள் தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ப்ளாகர் கூகுளின் சொந்த இயந்திரங்களில் ஓடுவது. அங்கே நேரம் பார்த்து வெளியிடும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வேர்ட்பிரஸ் டாட் காமில் கணக்கு வைத்திருந்தாலும் அதே நிம்மதி. நீங்கள் இப்போது இருப்பதோ, இடம் வாடகைக்கு எடுத்து, நீங்களே நிறுவிய வேர்ட்பிரஸ். அதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஆள் கிடையாது. அதற்குப் பதிலாக ‘டபிள்யூபி கிரான்’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் உங்கள் தளத்தின் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது, ‘நேரம் வந்தும் செய்யாமல் நிற்கிற வேலை ஏதாவது இருக்கிறதா?’ என்று அது பார்க்கும். இருந்தால் செய்யும். யாருமே திறக்காவிட்டால் அது பார்க்கவே பார்க்காது. எஸ்டேட்டில் ஆள் வந்து கூப்பிட்டால் மட்டும் கதவைத் திறக்கும் காவல்காரர் மாதிரி.

இப்போது உங்கள் திங்கட்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். ஆறு மணிக்குப் பதிவு தயாராக நிற்கிறது. அந்த நேரத்தில் தளத்துக்கு யாரும் வரவில்லை. எட்டரைக்குப் பெங்களூரில் ஒருவர் ஏற்காட்டில் தங்க இடம் தேடி உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். அப்போதுதான் வேர்ட்பிரஸ் விழித்து, நேரம் கடந்த பதிவை வெளியே விடுகிறது. அவர் கண்ணில்கூட அது படாமல் போகலாம். அடுத்து வருகிறவருக்குத்தான் தெரியும். பதிவின் தலையில் மட்டும் காலை ஆறு மணி என்றே போட்டிருக்கும். அதனால் தாமதமானதே பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் கவனித்தது நல்ல விஷயம்.

ஒரு தடவை வரவே இல்லை என்றீர்களே, அதற்குக் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. உங்கள் தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று கேஷ் பிளகின் என்னும் துணைச் செயலி ஒன்றைப் போட்டிருப்பீர்கள். அது பக்கங்களை ஏற்கெனவே சமைத்து எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவருக்கு அதையே எடுத்துக் கொடுத்துவிடும். ஆள் வந்தும் வேர்ட்பிரஸ் விழிக்காது. இல்லையென்றால், விழித்த வேர்ட்பிரஸ் தன் சர்வரிலேயே இருக்கும் கிரான் கோப்பைத் தானே ஒருமுறை அழைக்க வேண்டும். அந்த அழைப்பைப் பாதுகாப்பு பிளகின் ஏதாவது தடுத்திருக்கும். ‘டூல்ஸ்’ உள்ளே ‘சைட் ஹெல்த்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘லூப்பேக்’ என்ற சொல்லோடு எச்சரிக்கை இருந்தால் இரண்டாவது காரணம். பட்டியலில் அப்படி நின்றுபோன பதிவுக்கு ‘மிஸ்டு ஷெட்யூல்’ என்று சிவப்பில் போட்டிருக்கும். அந்தப் பதிவைத் திறந்து கையால் வெளியிட்டுவிடலாம். ஆனால் பறிப்புக் காலத்தில் களத்தில் நின்றுகொண்டு அதைச் செய்வதற்கா இத்தனை ஏற்பாடு?

நிரந்தர வழி இதுதான். நீங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருக்கும் ஹோஸ்டிங்கின் சிபேனலில், அதாவது அவர்கள் தரும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில், ‘கிரான் ஜாப்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் தளத்தின் ‘டபிள்யூபி கிரான்’ முகவரியைத் தட்ட வேண்டும் என்று அங்கே எழுதி வைத்துவிடலாம். அதன்பிறகு வாசகர் வந்தாலும் வராவிட்டாலும் சர்வரே கால் மணிக்கு ஒருதரம் வேர்ட்பிரஸ்ஸை எழுப்பிவிடும். ஆறு மணிப் பதிவு அதிகபட்சம் ஆறே காலுக்கு வந்துவிடும். உங்களுக்கு அதற்கு மேல் துல்லியம் தேவைப்படாது. இது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, ‘டபிள்யூபி கான்ஃபிக்’ கோப்பில் பழைய பார்வையாளர் வழிக் கிரானை நிறுத்தும் வரியைச் சேர்க்கலாம். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கோ படித்துவிட்டு நிறுத்தும் வரியை முதலில் போட்டுவிட்டு, சர்வர் பக்கம் ஒன்றும் வைக்காமல் விட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு பதிவும் வராது. உங்களுக்குக் கோப்பைத் தொடப் பயமாக இருந்தால் தொடாமலே விட்டுவிடுங்கள். சர்வர் கிரான் ஒன்றே போதும், இரண்டும் சேர்ந்து ஓடினாலும் பதிவு இரண்டு முறை வெளிவராது. உங்கள் ஹோஸ்டிங்கில் கிரான் வசதியே இல்லையென்றால், குறித்த இடைவெளியில் ஒரு முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும் இலவசச் சேவைகள் வெளியே கிடைக்கின்றன. அதுவும் பலன் தரும். ஹோஸ்டிங்காரர்களிடம் எழுதிக் கேட்டாலே பெரும்பாலும் அவர்களே வைத்துக் கொடுப்பார்கள்.

சரி, பதிவு ஆறு மணிக்கு வர வழி கிடைத்துவிட்டது. இனி, எது ஆறு மணிக்கு வரலாம் என்பது.

சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதுகிற எல்லோருக்கும் மேட்டூர் அணையை நான் உதாரணமாகச் சொல்வேன். டெல்டா பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘இன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது’ என்று ஒரு பதிவை மே தொடக்கத்தில் எழுதி ஜூன் 12-க்கு வைத்துவிட்டால் என்ன ஆகும்? 2021-லும் 2023-லும் சரியாக இருந்திருக்கும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூன் 12-இல் திறக்கவே இல்லை, தண்ணீர் இல்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்த வருடம் உங்கள் பதிவு காலையில் பொய் சொல்லியிருக்கும். ஆனால் ‘ஜூன் 12 ஏன் வழக்கமான நாள், குறுவைக்கு அந்தத் தண்ணீர் எதற்கு’ என்ற பதிவு எந்த வருடமும் அதே நாளில் தைரியமாக வெளிவரலாம். பொருள் ஒன்றுதான். ஒன்று நடந்ததாகச் சொல்கிறது, அதை முன்னால் எழுத முடியாது. மற்றது விளக்குகிறது, எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்.

உங்கள் மலைக்கு வருவோம். காபிப் பூ. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து, அதிலிருந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே வெள்ளையாகப் பூத்து, சில நாளில் உதிர்ந்துவிடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த மழை எந்த நாளில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ‘பூ பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்’ என்ற பதிவு ட்ராஃப்டில்தான் இருக்க வேண்டும், ஷெட்யூலில் இருக்கவே கூடாது. எழுதி, படத்தோடு தயாராக வைத்திருங்கள். மழை பெய்த அன்று போனில் இருந்தே நாள் குறித்து விடுங்கள். கிளியூர் அருவியும் அப்படித்தான். மழைக்குப் பின்னால்தான் அங்கே தண்ணீர். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் மே மாதம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தேதியை ஒவ்வொரு வருடமும் அரசு அறிவிக்க வேண்டும். போன வருடத் தேதியைப் பார்த்து இந்த வருடத்துக்கு எழுதி வைக்காதீர்கள். அதை நம்பி ஒரு குடும்பம் சென்னையில் இருந்து கிளம்பி வந்து நிற்கும்.

எனக்கு இதில் உண்மையிலேயே கவலை தருவது மலைப்பாதை. உங்கள் பறிப்புக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்தக் காலையில் ஒரு தங்கும் விடுதியின் பக்கத்தில் ‘இருபது கொண்டை ஊசி வளைவும் பனியில் மிதக்கின்றன, இந்த வாரமே கிளம்பி வாருங்கள்’ என்று ஒரு பதிவு தானாக வெளிவந்திருந்தால்? எழுதியவர் மனதில் ஒரு தப்பும் இல்லை, அக்டோபரில் எழுதியது. படிக்கிறவருக்கு அது தெரியாது. மழை எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக வரிசையை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கும் எளிய வழி உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் அந்தப் பன்னிரண்டு பதிவில் என்ன எழுதலாம்? நிறைய இருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதை இருக்கிறது. பழம் பறித்ததில் இருந்து தோல் நீக்கி, ஊற வைத்து, கழுவி, களத்தில் காய வைத்து, வறுத்துப் பொடியாக்கும் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பதிவு போடலாம். அதற்கான படங்கள் போன வருடப் பறிப்பில் எடுத்தவை உங்கள் போனிலேயே இருக்கும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது, அரபிக்கா காபிக்கு நிழல் மரம் எதற்கு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் விளைகிற காபியின் ருசி கீழே விளைவதில் இருந்து எப்படி மாறுகிறது. இவையெல்லாம் டிசம்பரிலும் உண்மை, அடுத்த டிசம்பரிலும் உண்மை. விலை மட்டும் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்கிறேன். கொலுசு எப்படிச் செய்கிறார்கள் என்பதை எழுதி வரிசையில் வையுங்கள், கிராம் விலையை எழுதி வைக்காதீர்கள். பதிவு வெளிவரும் காலையில் வெள்ளி எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் அறை வாடகையும் காபிப் பொடி விலையும் தனிப் பக்கம் ஒன்றில் இருக்கட்டும். பதிவுகளில் இருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், விலை மாறும்போது ஒரே இடத்தில் திருத்தலாம்.

எழுதும்போது இன்று, நேற்று, இந்த வாரம், இப்போது என்ற சொற்களைக் கவனித்து எடுத்துவிடுங்கள். ‘நேற்று ராத்திரி நல்ல மழை’ என்று அக்டோபரில் கை தானாக எழுதும். அது ஜனவரியில் வெளிவரும். ‘சென்ற பதிவில் சொன்னபடி’ என்பதும் ஆபத்து. நடுவில் ஒரு பதிவை நாள் மாற்றினால் சென்ற பதிவு வேறாகிவிடும். முந்தைய பதிவுக்கு இணைப்புக் கொடுக்கும்போது அது ஏற்கெனவே வெளிவந்ததா என்று பாருங்கள். மூன்றாம் வாரப் பதிவில் ஐந்தாம் வாரப் பதிவுக்கு இணைப்பு வைத்தால், இரண்டு வாரத்துக்கு வாசகர் வெறும் பிழைப் பக்கத்தில் போய் முட்டுவார்.

தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதி இருக்கிறது. வரிசையில் வைப்பதற்கு முன்னால் பதிவின் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளாகர், தலைப்பில் உள்ள தமிழ் எழுத்துகளைத் தள்ளிவிட்டு, முகவரியில் ‘ப்ளாக் போஸ்ட்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லும் பின்னால் ஏதோ ஓர் எண்ணும் போட்டுக்கொள்ளும். பன்னிரண்டு பதிவுக்கும் அதே பெயர், எண் மட்டும் வேறு. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் முகவரிக்கு 200 குறிகள்தான் இடம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், அதன் மேல் ஏறும் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக, ஒன்பது குறிகள் செலவாகும். ‘பழுத்த காபிப் பழத்தைப் பறிப்பது எப்படி’ என்ற தலைப்பு நான்காவது சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுபோகும். வாட்ஸப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக ஒரு முழ நீளம் தெரியும். ஆகவே முகவரியை மட்டும் நீங்களே ஆங்கில எழுத்தில் சின்னதாக இரண்டு மூன்று சொல்லில் கொடுத்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். பதிவு வெளிவந்த பிறகு முகவரியை மாற்றினால் பகிர்ந்தவர்களின் இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், முன்பே செய்வதுதான் நல்லது.

படங்களைப் பற்றி ஒரு வரி. பதிவு ஜனவரியில்தான் வெளிவரும் என்றாலும், வேர்ட்பிரஸ்ஸில் நீங்கள் ஏற்றிய படம் ஏற்றிய நிமிடத்திலேயே இணையத்தில் இருக்கிறது. அதன் நேர் முகவரி தெரிந்தால் யாரும் பார்க்கலாம். காபிப் பழப் படத்துக்குப் பரவாயில்லை. விருந்தினர் குடும்பத்தின் படம் என்றால், அவர்கள் சரி என்று சொன்ன பிறகு ஏற்றுங்கள்.

வெளிவந்த பதிவின் தேதியை விளையாட்டுக்குக்கூட எதிர்காலத்துக்கு மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் அது உடனே தளத்தில் இருந்து மறைந்து, அந்த நாள் வரை வரிசையில் போய் நிற்கும்.

திங்கள் காலை ஆறு மணி நல்ல நேரமா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நமக்குக் காலை ஆறு என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எட்டரை, வேலைக்குப் போகும் நேரம். துபாயில் விடியற்காலை நாலரை. கனடாவின் டொராண்டோவில் குளிர்காலமானால் முந்தின நாள் ஞாயிறு இரவு ஏழரை. காபியைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இது பொருந்தும். தங்குவதற்கு இடம் தேடுகிறவர்களுக்கு என் யோசனை வேறு. வாரக் கடைசிக்கு மலையேறுகிற பெங்களூர், சென்னைக்காரர்கள் புதன், வியாழன் சாயங்காலம்தான் எங்கே போகலாம் என்று பார்ப்பார்கள். ஆகவே பன்னிரண்டில் இரண்டு மூன்றை மட்டும் புதன் சாயங்காலத்துக்கு மாற்றி வைத்து, தளத்தின் கணக்கில் எந்த நாளில் அதிகம் பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் தளத்தின் கணக்கு சொல்வதைத்தான் நம்ப வேண்டும், பொதுவாக யாரோ சொல்லும் ‘சிறந்த நேரம்’ உங்களுக்கு உதவாது.

ஃபேஸ்புக் பக்கத்திலும் இதே பதிவின் இணைப்பைப் போடலாம். ஆனால் முன்கூட்டியே ஒட்டி வைக்காதீர்கள், பதிவு தளத்தில் வந்த பிறகு போடுங்கள். தளத்தில் பதிவு வருவதற்கு முன்னால் ஃபேஸ்புக் போய்ப் பார்த்துவிட்டால், படமும் தலைப்பும் இல்லாமல் வெறும் பிழைப் பக்கத்தின் முகத்தையே எடுத்து வைத்துக்கொள்ளும். வாட்ஸப்பில் குழுவுக்கு அனுப்புவதும் கையால் செய்யும் வேலையாகவே இருக்கட்டும்.

பறிப்பு தொடங்கும் முன் டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். நடுவில் முடிகிறது என்றால் அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். கார்டில் தானாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் தானியங்கிக் கட்டணம் நம் கார்டுகளில் பல சமயம் நடப்பதில்லை, அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலும் டவர் இல்லாத வாரத்தில் கண்ணில் படாது.

கடைசியாக, வரிசையை நிறுத்துவது. வேர்ட்பிரஸ்ஸின் போன் செயலியில் பதிவைத் திறந்து நிலையை ‘ட்ராஃப்ட்’ என்று மாற்றினால் அது வரிசையில் இருந்து இறங்கிவிடும், எழுதியது அழியாது. உங்களுக்கு மேலே டவர் இல்லாத நாளில் இதைச் செய்யக் கீழே ஒருவர் வேண்டும். சேலத்தில் உங்கள் தம்பி இருக்கிறார் என்றீர்கள். தளத்தில் அவருக்கு ஒரு கணக்குத் திறந்து ‘எடிட்டர்’ பொறுப்புக் கொடுங்கள். ‘ஆதர்’ என்று கொடுத்தால் தான் எழுதியதைத் தவிர வேறெதையும் அவரால் தொட முடியாது, ‘கான்ட்ரிபியூட்டர்’ என்றால் வெளியிடவே முடியாது. உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம், தேவையும் இல்லை. இந்த வாரத்திலேயே சர்வர் கிரானை வைத்துவிட்டு, நாளைக் காலைக்கு ஒன்று, நாளை மறுநாளுக்கு ஒன்று என்று இரண்டு சின்னப் பதிவுகளை வரிசையில் வையுங்கள். முதலாவது யாரும் தளத்தைத் திறக்காமலே ஆறே காலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவதை, நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், தம்பி தன் போனில் இருந்து ட்ராஃப்டுக்கு இறக்கட்டும். இரண்டும் நடந்துவிட்டால் பன்னிரண்டையும் ஏற்றிவிடலாம்.